வீட்டுக்காரர் யூனிட் பார்டருக்கு நகருது: கிளம்பும் முன்னாடி என்ன முடிக்கணும், போன பிறகு எப்படிச் சமாளிக்கணும்?

காட்பாடி_மலர்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் இன்பென்ட்ரியில் ஹவில்தார். இப்போ வடக்கே ஒரு பீஸ் ஸ்டேஷனில், அதாவது குடும்பத்தோடு இருக்க முடிகிற இடத்தில், குவார்ட்டர்ஸில் இருக்கோம். யூனிட் மேலே போகுது, பத்து நாள் டைம் இருக்கு. எங்கே, எத்தனை நாளைக்குன்னு நான் கேட்கலை, கேட்கக் கூடாதுன்னும் தெரியும். பையனுக்கு 8 வயசு, பொண்ணுக்கு 3. மாமியார் ஊரில் தனியா இருக்காங்க. குடும்பத்தை விட்டு முன்னால் போகிற சாதாரண பீல்டு போஸ்டிங் பழக்கம்தான். பதட்டமான நேரத்தில் போறது இதுதான் முதல் தடவை.

கேட்க வேண்டியது இதுதான். கிளம்பும் முன்னாடி எந்தப் பேப்பரெல்லாம் முடிக்கணும்? நான் குவார்ட்டர்ஸிலேயே இருக்கலாமா, ஊருக்கு வந்துடலாமா? போன் வராத நாட்களை எப்படி ஓட்டுறது? பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றது? ஊரில் நிலத்தில் ஒரு வரப்புத் தகராறும் இருக்கு, அது இந்த நேரத்தில் கிளம்பினா என்ன செய்யலாம்?


ஓய்வு_ஹெட்கிளார்க்:

தங்கச்சி, பேப்பர் வேலையை மட்டும் நான் சொல்றேன். மற்றதைத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

முதல் வேலை பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரங்களை அவர் சர்வீஸ் பதிவில் ஏற்றுகிற யூனிட் உத்தரவு. கல்யாணம், இரண்டு பிள்ளைகளின் பிறப்பு, மாமியார் சார்ந்திருப்பவர் என்பது, எல்லாமே பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கான்னு உங்க வீட்டுக்காரர் கம்பெனி கிளார்க்கிடம் ஷீட் ரோலை (அவருடைய சர்வீஸ் பதிவேடு) எடுத்துப் பார்க்கணும். "கொடுத்தாச்சு" என்பது வேறு, "ஏறியாச்சு" என்பது வேறு. கல்யாணம் ஏறியிருக்கும், இரண்டாவது குழந்தை விட்டுப்போயிருக்கும். அடிக்கடி நடக்கிறது இதுதான். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, மேரேஜ் சர்டிபிகேட்டில் வேறொரு இனிஷியல் என்று இருந்தா ரெக்கார்ட் ஆபீஸ் (ரெஜிமென்ட்டின் பதிவுகளை வைத்திருக்கிற அலுவலகம்) திருப்பி அனுப்பிடும், சரிசெய்ய மாதக்கணக்காகும். பத்து நாளில் முடியாட்டாலும் விண்ணப்பத்தைக் கொடுத்து டைரி நம்பர் வாங்கி வையுங்க.

அடுத்தது நாமினேஷன். கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்தவர் என்றால் ஆர்மி குரூப் இன்சூரன்ஸ், பிராவிடண்ட் பண்ட், பேங்க், எல்ஐசி எல்லாவற்றிலும் அம்மா பெயர்தான் இருக்கும். கல்யாணம் பதிவானதும் அது தானா மாறாது, ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். இதை அவர் மாமியாருக்குத் தெரிந்தே செய்யட்டும். விகிதம் பிரித்து இருவர் பெயரும் போடலாம். நாமினி என்பவர் பெரும்பாலும் பணத்தைக் கையில் வாங்குபவர் மட்டும்தான். இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். உயில் எழுத விரும்பினால் இரண்டு சாட்சிக் கையெழுத்து போதும், பத்திரத்தாள் தேவையில்லை. உயில் எழுதுவது அபசகுனம் என்று நினைக்கிற வீடு இருக்கு. எழுதாத வீட்டில்தான் பிறகு கோர்ட் வாசல்.

மூன்றாவது, எல்லோரும் கோட்டை விடுவது: அவருடைய மொபைல் நம்பர். பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் கேட்கிற கோடு, ரேஷன் குறுஞ்செய்தி, இன்கம்டாக்ஸ், பள்ளிக்கூட ஆப், எல்லாம் அந்த ஒரு சிம்மில் கட்டிப்போட்டிருக்கு. முன்னால் போன பிறகு அந்தப் போன் அணைந்துதான் கிடக்கும். அதனால் இப்போதே:

கேஸ், ரேஷன், மின்வாரியம், பள்ளி, பாலிசி பிரீமியம் இவற்றை உங்க நம்பருக்கு மாற்றிடுங்க. சம்பளக் கணக்கை "இருவரில் எவரும் அல்லது எஞ்சியவர்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக்கி, உங்க பெயரில் தனி ஏடிஎம் கார்டும் உங்க நம்பரில் தனி யுபிஐயும் வாங்குங்க. அவர் கார்டை, அவர் பின் நம்பரை வைத்துச் சமாளிப்பது ஒரு தடவை கார்டு பிளாக் ஆனதும் முடிஞ்சது. அவர் பழைய சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வீட்டிலேயே வைத்துட்டுப் போகச் சொல்லலாம்; ரீசார்ஜ் மட்டும் விடாமல் செய்யணும், மூன்று மாதம் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் கம்பெனிக்காரன் நம்பரை முடக்கிடுவான், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துடுவான்.

வருமான வரி ரிட்டர்ன் போட்டதும் 30 நாளுக்குள் சரிபார்க்கணும். ஆதார் ஓடிபி கிடைக்காதுன்னா நெட்பேங்கிங் வழியாகச் செய்யலாம், அதுவும் இல்லைன்னா அவர் கையெழுத்துப் போட்ட தாளைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பலாம். இரண்டாவது வழி பீல்டில் இருப்பவருக்குக் கஷ்டம், முதலாவதை ஏற்பாடு செய்து வையுங்க.

கையில் ஒரு பைல்: அவர் ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட், 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) முகவரியும் பின்கோடும், ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி, பார்ட் டூ ஆர்டர் நகல்கள், டிபெண்டன்ட் கார்டு, கேண்டீன் கார்டு, பேங்க் பாஸ்புக், இன்சூரன்ஸ் நம்பர்கள், கடன் விவரம், கடைசிப் பே ஸ்லிப். நகல் ஒரு செட் மாமியாரிடம் இருக்கட்டும். போனில் போட்டோ எடுத்து வைத்தால் போதாதான்னு கேட்பீங்க. போன் தொலைவதும் இதே நேரத்தில்தான் நடக்கும்.


குவார்ட்டர்ஸ்_அக்கா:

மலர், எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வர்றேன்.

புருஷன் பீல்டு போனால் குவார்ட்டர்ஸைக் குறிப்பிட்ட காலம் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்குப் பிறகு எஸ்எப் குவார்ட்டர்ஸ், அதாவது புருஷன் பீல்டில் இருக்கிற குடும்பங்களுக்கென்றே ஒதுக்கிய வீடு. ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸில் வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும், விண்ணப்பம் யூனிட் வழியாகத்தான் போகணும். அவர் கிளம்பும் முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடட்டும். ஊருக்குப் போவதாக முடிவு செய்தால், குடும்பம் இருக்கிற ஊரைத் தேர்ந்தெடுத்து அதற்கான வீட்டு வாடகைப்படியைக் கேட்டு எழுதணும். எதையும் எழுதாமல் கிளம்பினால் இரண்டுமே கைவிட்டுப் போகும்.

என் கருத்து: பையன் பரீட்சை முடியும் வரை குவார்ட்டர்ஸ், அப்புறம் யோசியுங்க. காரணம், யூனிட் நகர்ந்தாலும் ரியர் பார்ட்டி, அதாவது குடும்பங்களையும் இடத்தையும் பார்த்துக்கொள்ள விட்டுப்போகிற சிறு குழு, பின்னால் இருக்கும். அதன் பொறுப்பில் இருக்கிற ஆபீசர், குடும்ப நலனுக்கென்று ஒரு ஜேசிஓ (சுபேதார் மாதிரி ரேங்கில் இருப்பவர்), கார்டு காட்டினால் பார்க்கிற எம்எச் (ராணுவ ஆஸ்பத்திரி), எல்லாமே நடந்து போகிற தூரம். சுற்றி இருக்கிற பத்து வீட்டிலும் இதே நிலைமை, விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் சொந்தம் இருக்கும், ஆனால் தினம் நாலு பேர் வந்து "போன் வந்துச்சா?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்விதான் ஆளைத் தின்னும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கிற ஊர் என்றால் கதை வேறு, அங்கே யாரும் கேட்க மாட்டாங்க.

ஊருக்கு வந்தால் வேலூர்ப் பக்கத்தில் எம்எச் கிடையாது, சென்னைதான் போகணும். இசிஎச்எஸ் பாலிகிளினிக் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் கிளினிக், பணியில் இருப்பவர் குடும்பத்துக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று யூனிட்டில் முன்னாடியே கேட்டு வையுங்க. கேட்காமல் அங்கே போய் நின்று வாக்குவாதம் செய்கிறவங்க நிறைய. அவசரத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அன்றைக்கே யூனிட்டுக்கும் பக்கத்து எம்எச்சுக்கும் தகவல் சொல்லி, சொன்ன நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கணும். அவசர நிலைமைச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாம் ஒரிஜினலாக வேணும். தகவல் தாமதமானால் பணம் திரும்பி வர்றதில் சிக்கல்.

இப்போ போன் விஷயம். நாலு நாள் பேச்சே இல்லை என்றால் அதற்குச் சாதாரணக் காரணங்கள்தான் இருக்கும்: டவர் இல்லை, போனை வாங்கி வைத்துட்டாங்க, போஸ்ட்டில் ஏறியிருக்கார், ஒரே போனுக்கு வரிசையில் நாற்பது பேர். போவதற்கு முன்னாடி இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துக்கோங்க: "தினம் பேசுறேன்"னு அவர் வாக்கு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் முதல் நாள் தவறியதும் உங்களுக்குத் தூக்கம் போகும், அந்தக் குற்ற உணர்ச்சி அங்கே அவருக்கும் போகும்.

பேசுகிற மூன்று நிமிஷத்துக்கு அடுப்படியில் ஒரு நோட்டு வையுங்க. அவரிடம் ஆமாம், இல்லை என்று பதில் வாங்க வேண்டியது எதுவோ அதை மட்டும் மேலே எழுதுங்க. அதை முதலில் கேட்டுட்டு, போனைப் பிள்ளைகளிடம் கொடுங்க. சண்டையைப் போனில் ஆரம்பிக்காதீங்க, லைன் கட்டானால் அதுவே ஒரு வாரம் தொங்கும். எங்கே இருக்கீங்க, குளிரா, எத்தனை பேர், எப்போ நகர்றீங்க, இதெல்லாம் கேட்கவே கூடாது.

கடிதம் இன்றைக்கும் போகுது. இன்லண்ட் லெட்டரில் மேலே 1, 2, 3 என்று வரிசை எண்ணும் தேதியும் போடுங்க. அங்கே கட்டாக, முன்பின்னாகத்தான் போய்ச் சேரும். எண் இருந்தால்தான் காய்ச்சல் முதலில் வந்ததா, சரியானது முதலிலா என்று அவருக்குப் புரியும். முகவரியில் ஏபிஓ போட்ட பிறகு ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதாதீங்க. பார்சல் இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும், அவர்தான் தூக்கிச் சுமக்கணும். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, வறுத்த கடலை தாங்கும். தேங்காய் சேர்த்ததும் எண்ணெய்ப் பலகாரமும் வழியிலேயே காறிப் போகும். கண்ணாடிப் பாட்டில், லைட்டர், பவர்பேங்க் வேண்டாம்.


நீலகிரி_ஜோதி:

அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுறேன். எல்லோருமே குவார்ட்டர்ஸில் இருக்கணும் என்றில்லை. மாமியார் தனியா, உடம்பு முடியாதவங்க என்றால் அங்கே பார்டரில் உங்க வீட்டுக்காரர் மனசு ஊரில்தான் கிடக்கும். அப்படியானால் மாமியாரைக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வர முடியுமான்னு முதலில் பாருங்க. 3 வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு கேண்டீன், எம்எச், ஸ்கூல் என்று அலைய வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தாலே பாதி பாரம் குறையும். மாமியாருக்கும் வேலை கொடுங்க, பேத்தியைத் தூங்க வைக்கிறது அவங்க பொறுப்பு என்பது மாதிரி. சும்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால்தான் கஷ்டம்.

டிவி பற்றித் தனியாச் சொல்லணும். 2020 கல்வான் மோதலில் ஜூன் 16 பகலில் வந்த ராணுவ அறிக்கை மூன்று பேர் என்றது, இரவு வந்தது 20 என்றது. இடைப்பட்ட அத்தனை மணி நேரமும் லடாக்கில் ஆள் இருந்த ஒவ்வொரு வீடும் டிவி முன்னால். எண்ணிக்கை முதலில் வரும், பெயர் பிறகுதான் வரும். அந்த இடைவெளியில் டிவி உங்களுக்குச் சொல்லப் போவது ஒன்றுமே இல்லை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று ராத்திரி முழுக்க ஓட்டின சேனல்களையும் பார்த்தோம், பொய்யாகப் போச்சு. மாலையில் ஒரு அரை மணி நேரச் செய்தி, அதோடு அணைச்சிடுங்க. தூங்கும் முன்னாடி வேண்டவே வேண்டாம்.

அதிகாரபூர்வத் தகவல் யூனிட்டிலிருந்தோ ரெக்கார்ட் ஆபீசிலிருந்தோ நெருங்கிய உறவினர் என்று பதிவில் இருப்பவருக்கு வரும். அதனால் அந்தப் பதிவில் இருக்கிற நம்பரும் முகவரியும் இன்றைய தேதிக்குச் சரியா என்பதுதான் முக்கியம். வீடு மாறினால் அன்றைக்கே ரியர் பார்ட்டிக்கு எழுதிக் கொடுங்க.

போன் மோசடி இந்த நேரத்தில் பெருகும். இரண்டு வகை. "யூனிட்டிலிருந்து பேசுறோம், சார் இப்போ எந்த லொகேஷனில் இருக்கார்?" என்று ஒருத்தன் கேட்பான். யூனிட்டுக்குத் தெரியாததை உங்ககிட்ட ஏன் கேட்கப் போறாங்க? கட் பண்ணி, நம்பரை ரியர் பார்ட்டியில் சொல்லுங்க. எதிரி உளவாளிகளும் இப்படித்தான் பேசுவாங்க. இன்னொருத்தன், "சாருக்கு அடிபட்டிருக்கு, ஆபரேஷனுக்குப் பணம் அனுப்புங்க" என்பான். சிப்பாயின் சிகிச்சைக்கு ராணுவ ஆஸ்பத்திரி பணம் வாங்காது. பணம் என்ற வார்த்தை வந்த உடனே அது பொய். மாமியாருக்கும் இதைச் சொல்லி வையுங்க, அவங்களைத்தான் முதலில் குறிவைப்பான்.

யூனிபார்ம் போட்டோ, ரயிலேற்றி விட்ட வீடியோ, "மிஸ் யூ" ஸ்டேட்டஸ் எதுவும் வேண்டாம். சொந்தக்காரங்க குரூப்பிலும்தான்.


சட்டப்_பார்வை:

வரப்புத் தகராறுக்கு:

யாராவது உங்க கணவர் மேல் சிவில் வழக்குப் போட்டால் 1925ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் பாதுகாக்கும். போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணியில் இருக்கிறார் என்று உரிய ராணுவ அதிகாரி சான்று கொடுத்தால் கோர்ட் வழக்கைத் தள்ளிவைக்கும். அவர் இல்லாத நேரத்தில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருந்தாலும் ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் சம்மன் வந்ததை நீங்க யூனிட்டுக்குத் தெரிவிக்காமல் மேசை டிராயரில் போட்டால் எந்தச் சட்டமும் தானாக வந்து நிற்காது. வாங்கியதும் நகலெடுத்து கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்புங்க.

எதிராளி கோர்ட்டுக்குப் போகாமல் நேரடியா வேலியை நகர்த்தினால் அந்தச் சட்டம் உதவாது. அதற்கு இரண்டு மனு: கலெக்டருக்கு ஒன்று, எஸ்பிக்கு ஒன்று. உங்க மனுவோடு கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட்ட கடிதமும் போனால் வேகம் வேறு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருப்பவர் குடும்ப மனுவையும் வாங்கி அனுப்பும். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டத்தில் இந்த அலுவலகங்கள் வழியாகவே இலவச வக்கீல் உதவிக்கும் ஏற்பாடு உண்டு, கேட்டுப் பாருங்க.

கிளம்பும் முன்னாடி செய்ய வேண்டியது மூன்று. அளந்த வரப்பை நாலு மூலையிலும் கல் தெரிய தேதியோடு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, ஊரில் நம்பிக்கையான ஒருத்தர் போதும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று இணையத்திலேயே பார்க்கலாம், மாதம் ஒரு தடவை பாருங்க. உங்க பெயருக்கு ஒரு பவர் பத்திரம், அதுவும் வழக்கு நடத்தவும் மனுக் கொடுக்கவும் மட்டும், விற்கும் அதிகாரம் சேர்க்காமல். விற்கும் அதிகாரம் சேர்ந்தால் குடும்பத்துக்குள்ளேயே சந்தேகம் கிளம்பும். நீங்க வெளிமாநிலத்தில் இருப்பதால் அங்கேயே சார்பதிவாளர் முன்னிலையில் எழுதலாம்; தமிழ்நாட்டில் பயன்படுத்தும்போது முத்திரைத்தீர்வை வித்தியாசம் கட்டச் சொல்வாங்க, அதற்குத் தயாராக இருங்க.


குழந்தைமனம்:

பிள்ளைகள் பற்றி யாரும் இன்னும் சொல்லலை.

3 வயசுக்கு "சீக்கிரம் வந்துடுவார்", "நாளைக்கு" இரண்டும் ஒன்றுதான். தினம் வாசலில் போய் நிற்கும். "அப்பா வேலைக்குத் தூரமா போயிருக்கார். நானும் பாட்டியும் உன்கூட இருக்கோம்" போதும். கிளம்பும் முன்னாடி அவர் குரலில் பத்துப் பதினைந்து சின்னச் சின்ன ஆடியோ பதிவு செய்து வையுங்க: கதை, தாலாட்டு, பல் தேய்க்கச் சொல்வது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். உங்க போனிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். தினம் ஒரே நேரத்தில், தூங்கும் முன்னாடி ஒன்று. அழுகிறபோதெல்லாம் போட்டுக் காட்டினால் அழுகைக்கும் அப்பா குரலுக்கும் முடிச்சு விழுந்துடும். விட்ட பழக்கங்கள், படுக்கையில் ஒன்றுக்குப் போவது, விரல் சூப்புவது, திரும்ப வரலாம். திட்டாமல் விட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். சில வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம் கெட்டே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க.

8 வயசுப் பையனிடம் பொய் சொல்லாதீங்க, பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் சொல்லிடுவாங்க. எல்லையில் காவல் வேலை, ஆபத்து உண்டு, அதற்குப் பயிற்சி எடுத்தவர், கூட ஆட்கள் இருக்காங்க. இவ்வளவு போதும். "இனி வீட்டுக்கு நீதான் ஆம்பளை" என்று மாமா, சித்தப்பா யாராவது முதுகில் தட்டிச் சொன்னால் அங்கேயே தடுத்துடுங்க. அந்தப் பையன் ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்ப்பான், அம்மா முன்னால் அழ மாட்டான். வகுப்பு டீச்சருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்க.

காலண்டரில் நாளைக் கிழித்து எண்ண வைக்காதீங்க. நிலைமை மாறினால் லீவு ரத்தாகும், பதட்ட நேரத்தில் முதலில் போவதே லீவுதான். தேதி சொல்லாமல் "அப்பா வந்ததும் செய்யப் போறது" என்று ஒரு டப்பாவில் சீட்டு எழுதிப் போடட்டும்.

உங்களுக்கு: தூக்கம் இல்லாமல் தொடர்ந்து பல நாள் போனால், சமைக்கக் கூட எழ முடியலைன்னா, 14416 டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், இலவசம், எந்த நேரமும். ராணுவத்தினருக்கும் குடும்பத்துக்கும் என்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 முதல் தனிப்பிரிவும் இருக்கு. அதில் பேசுவதால் அவர் சர்வீஸ் ரெக்கார்டில் ஏதும் ஏறுமோ என்று பயந்து கூப்பிடாமல் இருக்காதீங்க. அழைப்பது நீங்க, அவர் இல்லை.


காட்பாடி_மலர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பார்ட் டூ ஆர்டர் நாளைக்கே பார்க்கச் சொல்லிட்டேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். மாமியாருக்குத் திடீர்னு உடம்பு முடியாமல் போனால் அவரிடம் சொல்லணுமா, மறைக்கணுமா? எங்க வீட்டில் எல்லோரும் மறைக்கத்தான் சொல்றாங்க. லீவு எப்படிக் கேட்பது?


குவார்ட்டர்ஸ்_அக்கா:

மறைக்காதீங்க. நீங்க மறைத்தாலும் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எவனாவது "அம்மா சீரியஸ்"னு போட்டுடுவான். மனைவி சொல்லாததை மச்சான் வழியாகக் கேட்டால், அதன் பிறகு நீங்க "எல்லாம் நல்லா இருக்கோம்" என்று சொல்ற எதையும் அவர் நம்ப மாட்டார். சொல்ற விதம் இருக்கு: முதலில் என்ன செய்தாச்சு என்பது, பிறகு என்ன ஆச்சு என்பது. "அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துட்டேன், டாக்டர் பார்த்துட்டார், சுகர் ஏறியிருந்துச்சு, இப்போ பரவாயில்லை." அவர் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாத சில்லறைத் தொல்லைகளை, குழாய் ஒழுகுது, கொழுந்தனார் பேசலை, இதெல்லாம் விட்டுடலாம்.


ஓய்வு_ஹெட்கிளார்க்:

லீவுக்கு: அவருக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல், 30 நாள் கேஷுவல். ஆனால் ஆபரேஷன் நேரத்தில் கணக்கில் இருப்பது வேறு, கிடைப்பது வேறு. அவசரம் என்றால் அவருக்குப் போன் போட்டு அழுவதால் லீவு வராது; அவர் கமாண்டிங் ஆபீசரிடம் காட்ட ஒரு தாள் வேணும். ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் நோயாளி பெயர், நோய், ஐசியூவா வார்டா, டாக்டர் கையெழுத்து, பதிவு எண், ஆஸ்பத்திரி போன் நம்பர். அதைப் போட்டோ எடுத்து ரியர் பார்ட்டிக்கும் யூனிட் அட்ஜுடன்டுக்கும் (கமாண்டிங் ஆபீசரின் நிர்வாக உதவி ஆபீசர்) அனுப்புங்க, யூனிட் போன் நம்பரை இப்போதே வாங்கி வையுங்க. தந்தி இருந்த காலத்தில் "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி" என்று சும்மா அடிச்சு அடிச்சு, நிஜமாகவே சீரியஸ் ஆனவனுக்கும் விசாரித்துத்தான் லீவு என்ற நிலைமை வந்தது. இப்போதும் யூனிட், ஊர்ப் போலீஸ் மூலமோ நல அலுவலகம் மூலமோ விசாரிக்கும். அதனால் ஒரு தடவைகூடப் பொய்க் காரணம் அனுப்பாதீங்க.

இன்னொன்று, மறந்துட்டேன். பிள்ளைகள் படிப்புப்படி கேட்க வருஷ முடிவில் ஹெட்மாஸ்டர் கையெழுத்திட்ட போனபைடு சான்று வேணும். பள்ளியிலிருந்து இரண்டு பிரதி வாங்கி ஒன்றை யூனிட்டுக்குத் தபாலில் அனுப்புங்க, இன்னொன்றைப் பைலில் போடுங்க.